முதல் வாந்திக்கு மணி அடிப்பார்கள்

ஆர்ட்டோரா கம்பெனியில் யாராவது முதல்முறையாக வாந்தி எடுத்தால் மணி அடித்துக் கேக் வெட்டுவார்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பழைய மகாபலிபுரம் சாலையில், பதினொன்றாவது மாடியில், பயிற்சி அறையின் மூலையில் ஒரு பித்தளை மணியே தொங்கிக்கொண்டிருந்தது. பயிற்சிக்கு வந்தவர்களில் ஒருவர் திரையில் தப்பான கம்ப்யூட்டர் கோடைப் பார்த்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு கழிவறைப் பக்கம் ஓடினால் போதும். மற்ற அத்தனை பேரும் எழுந்து நின்று கைதட்டுவார்கள். ஓடியவர் முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பி வருவதற்குள் மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருக்கும். போட்டோ எடுத்துக் கம்பெனிப் பக்கத்தில் போட்டு, அதற்கு அமெரிக்காவிலிருந்து இதயப் படம் வேறு அனுப்புவார்கள். மனிதர்கள் இவ்வளவு தூரம் வந்துவிட்டார்கள்.

அந்தப் பயிற்சி அணியில் முதல் மணி யுவராணிக்குத்தான் அடித்தது.

அரசுக் கல்லூரியில் பி.ஏ. வரலாறு படித்தவள். அவளுடைய வீடு பயிற்சி அறை ஜன்னலிலிருந்தே தெரியும். கீழே கால்வாய், அதைத் தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலை, அதற்கும் அந்தப்புறம் சவுக்குத் தோப்பை ஒட்டி ஒரு மீனவர் குப்பம். அதில் நீலத் தார்ப்பாய் போட்ட வீடு. அப்பா இல்லை. அம்மா தேசம்மா கருவாடு போட்டு விற்றுத்தான் அவளைப் படிக்க வைத்தாள். வரலாறு படித்துவிட்டு ஜவுளிக்கடையில் சேலை மடித்துக்கொண்டிருந்தவளுக்கு, 'இன்ஜினியரிங் படிக்காதவர்களுக்கும் சாஃப்ட்வேர் வேலை' என்ற விளம்பரம் கண்ணில் பட்டது. பயிற்சிக் காலத்திலேயே சம்பளமும் உண்டு என்று போட்டிருந்ததால் அவள் இரண்டாவது தடவை யோசிக்கவில்லை.

முதல் நாள் பயிற்சித் தலைவி மிருதுளா எல்லாவற்றையும் விளக்கினாள். நறுவிசாக உடுத்தியிருந்த, பேச்சில் அடிக்கடி சிரிப்பைச் செருகுகிற பெண்.

"இப்பல்லாம் கோடு எழுத மனுஷங்க தேவையில்ல. மெஷினே எழுதுது. எழுதுதுன்னா, கொட்டோ கொட்டுன்னு கொட்டுது. அதுல எது சரி, எது அழுகல்னு பிரிச்சுப் போடத்தான் ஆள் வேணும். அதுக்குத்தான் நீங்க."

"அதுக்கு இன்ஜினியரிங் படிச்சவங்க இருக்காங்களே மேடம்?" என்றாள் முன்வரிசையில் ஒருத்தி.

"படிச்சவங்க உக்காந்து யோசிப்பாங்க. அவ்வளவு நேரம் யாருக்கு இருக்கு? இருபது வருஷம் இந்தத் தொழில்ல ஊறினவர் என்ன பண்றார் தெரியுமா? தப்பான கோடைப் பார்த்ததும் முகத்தைச் சுளிக்கிறார். எங்க தப்புன்னு கேட்டா அவருக்கே உடனே சொல்லத் தெரியாது. வயிறு முதல்ல சொல்லிடும், மூளை அப்புறமா காரணம் தேடும். எங்களுக்கு வேண்டியது அந்த வயிறு."

யுவராணிக்குப் பக்கத்தில் நல்லசிவம் உட்கார்ந்திருந்தான். கோபிச்செட்டிபாளையம் பக்கத்து ஆள், பி.ஏ. தமிழ். அவன் தயங்கித் தயங்கி எழுந்தான். "ஏனுங் மேடம், அதை எப்படிங்க சொல்லிக் குடுப்பீங்க?"

"சொல்லிக் குடுக்க மாட்டோம். ஒட்டிவிடுவோம்" என்று மிருதுளா சிரித்தாள்.

அவள் கையில் காட்டியது, நாணயம் அளவுக்கு ஒரு வில்லை. தோல் நிறத்தில் இருந்தது. "காதுக்குப் பின்னாடி ஒட்டிக்கணும், வீட்டுக்குப் போனாலும் எடுக்கக் கூடாது. அங்க ஓடுற ஒரு நரம்பு நேரா வயித்துக்குப் போகுது. எங்க சீஃப் ஆர்க்கிடெக்ட் நித்தின் சாரோட உடம்பு எப்படி அருவருக்குதுன்னு பதிவு பண்ணி இதுக்குள்ள வெச்சிருக்கோம். உங்க திரையில தப்பான கோடு வந்தா, அவரோட அருவருப்பு உங்க வயித்துல வரும். ஆறு மாசத்துல உங்க உடம்பு பழகிடும். அப்புறம் வில்லையே வேண்டாம். நூறு பேரைப் பதிவு பண்ணிப் பார்த்தோம். நித்தின் சார் மாதிரி ஆழமா அருவருக்கிறவர் ஒருத்தர்கூட இல்ல."

பெற்ற பிள்ளை பரிசு வாங்கியதைச் சொல்வதுபோல் அவள் இதைச் சொன்னாள்.

"வேற எதையாவது பார்த்துக் குமட்டினா?" என்று யுவராணி கேட்டாள்.

"ஆரம்பத்துல அங்க இங்க கொஞ்சம் சிந்தும். கண்டுக்காதீங்க."

சிந்தும் என்றாள். என்னமோ காபி சிந்துவதைப் போல.

இரண்டாவது வாரத்தில் சாப்பாட்டு அறையில் யுவராணி டிபன் பாக்ஸைத் திறந்தாள். நெத்திலிக் கருவாட்டுத் தொக்கு. அம்மா காலையில் எழுந்து பார்த்துப் பார்த்துச் செய்தது. இரண்டு மேஜை தள்ளி உட்கார்ந்திருந்த ஒருவன் எழுந்து, ஒன்றும் பேசாமல், ஜன்னலைத் திறந்துவிட்டு உட்கார்ந்தான். ஒருத்தி கைக்குட்டையை எடுத்தாள். ஒருவரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை, ஏனென்றால் அவர்கள் நாகரிகமானவர்கள். சாயங்காலம் எல்லோருக்கும் ஒரு மின்னஞ்சல் வந்தது. 'பொது இடத்தில் கடுமையான மணமுள்ள உணவுகளைத் தவிர்க்கும்படி அன்புடன் வேண்டுகிறோம்.' கீழே ஒரு பூப் படம். மறுநாளிலிருந்து அவள் தயிர்சாதம் கொண்டுபோனாள். பஸ் ஸ்டாப்பில் நின்று கழுத்திலும் மணிக்கட்டிலும் வாசனைத் திரவியம் அடித்துக்கொண்டாள். மணி அடித்தது அதற்கு அடுத்த வாரம்.

ஏதோ வங்கிக்காக மெஷின் எழுதித் தள்ளிய கோடு அது. ஒரே வேலையை நான்கு இடத்தில் நான்கு விதமாகச் செய்து, நான்காவது இடத்தில் விடையை எங்கோ தொலைத்திருந்தது. அறையில் ஆறேழு பேர் ஏற்கெனவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு நெளிந்துகொண்டிருந்தார்கள். யுவராணிக்கு அந்த வரியில் கண் போய் நின்றதும் வாயில் உமிழ்நீர் ஊறியது. எழுந்து ஓடினாள். திரும்பி வந்தபோது கைதட்டல் காதைப் பிளந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கூட்டம் அவளுக்காக எழுந்து நின்றது. வாயைத் துடைத்துக்கொண்டு அவள் சிரித்தாள்.

அன்று சாயங்காலம் அந்தச் சந்தோஷத்தோடு வீட்டுக்குள் நுழைந்தாள். அம்மா கருவாட்டுக்கு மீன் ஊறப்போடும் உப்புத் தொட்டிப் பக்கத்திலிருந்து அப்போதுதான் எழுந்து வந்திருந்தாள். சேலையைத் தூக்கிச் செருகியிருந்தாள். முழங்கைவரை செதில்.

"இன்னாடி இம்மாம் சிரிப்பு?" என்று கேட்டபடியே மகளின் கன்னத்தைத் தொட்டாள்.

யுவராணி வாசலுக்கு ஓடினாள். அங்கே இருந்த மணலில் குனிந்து, தின்ற கேக் முழுவதையும் கக்கினாள்.

தேசம்மா தலையைப் பிடிக்க வந்தாள். "தொடாத! தள்ளிப் போ!" என்ற கத்தல் யுவராணியின் வாயிலிருந்து அவளை முந்திக்கொண்டு வந்துவிட்டது. அம்மா நின்ற இடத்திலேயே நின்றாள். அவளுடைய கை மட்டும் கொஞ்ச நேரம் அந்தரத்தில் இருந்தது.

பிறகு யுவராணி வில்லையைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னாள். யாரோ பெரிய இன்ஜினியருடைய அருவருப்பை இதற்குள் போட்டிருக்கிறார்கள், கோடைப் பார்த்து வரவேண்டியது சமயத்தில் வேறு எதைப் பார்த்தாலும் வருகிறது, ஆறு மாதத்தில் சரியாகிவிடும் என்று. தேசம்மா கவனமாகக் கேட்டாள். முகம் மெல்லத் தெளிந்தது.

"அப்போ அது மெசினு பண்றது."

"ஆமாம்மா."

"நீ இல்ல."

"நான் ஏம்மா அப்படிப் பண்ணப்போறேன்?"

"அதானே பாத்தேன்" என்று தேசம்மா மூச்சு விட்டாள். "நான் பயந்தே பூட்டேன்டி. மெசினுதானே, ஆறு மாசம்தானே. நான் தள்ளி இருந்துக்கினா போவுது."

அவள் சொன்னபடியே தள்ளி இருந்தாள். அதைப் பார்க்கத்தான் சகிக்கவில்லை. தெருக்குழாயில் ஒன்றுக்கு இரண்டு முறை சோப்புப் போட்டுக் குளித்துவிட்டுத்தான் வாசலில் காலை வைப்பாள். தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போய்த் தோணி ஓரமாக உட்கார்ந்து சாப்பிடுவாள். மகளுக்கென்று தனி டம்ளர், தனிப் பாய். மகளிடம் எதையாவது கொடுக்கவேண்டுமென்றால் தரையில் வைத்துவிட்டு நகர்ந்துகொள்வாள். அந்த வீட்டைக் கட்டியவள், தன் வீட்டில் தானே தீட்டுப்பட்டவளைப்போல் ஓரமாக நடந்தாள். குப்பத்தில் யாராவது கேட்டால், "எம்பொண்ணு காதுல மெசினு வெச்சிக்கீறாங்கோ, கம்ப்யூட்டர் வேலைக்கு" என்று பெருமையாகத்தான் சொன்னாள்.

இத்தனை செய்தும் யுவராணியின் குமட்டல் குறையவில்லை. முதலில் செதில், பிறகு சேலை, பிறகு அம்மாவின் சீப்பு. கடைசியில் அம்மா பேசும் பேச்சே வயிற்றைப் புரட்டியது. "வந்துகினு", "போய்கினு" என்று காதில் விழுந்தாலே யுவராணி உதட்டை இறுக்கிக்கொண்டாள். அந்தப் பேச்சைத்தான் அவளும் பிறந்ததிலிருந்து பேசினாள். இப்போது வீட்டிலும் அவள் ஆபீஸ் தமிழ்தான் பேசினாள். ஒவ்வொரு தடவையும் அவள் நித்தினை மனதாரத் திட்டினாள். எந்தப் பெரிய வீட்டுப் பிள்ளையோ, எந்தக் காலத்திலும் மீன் மார்க்கெட் பக்கம் மூக்கைக் காட்டாத மனிதனோ, அவனுடைய கொழுப்பெல்லாம் தன் வயிற்றில் வந்து உட்கார்ந்திருக்கிறது என்று எரிந்தாள். திட்டத் திட்டக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

அலுவலகத்திலோ அவளுக்கு ஏறுமுகம். அணியிலேயே அவள்தான் கெட்டிக்காரி என்று பேர். அடுத்த மாதம் நிரந்தர வேலை என்று மிருதுளா காதோடு சொல்லி வைத்திருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தேசம்மாவின் கையில் திருக்கை முள் ஏறிவிட்டது. கருவாட்டுக்குத் திருக்கையை அறுத்துக்கொண்டிருந்தவள், வாலை ஒதுக்கும்போது அசந்துவிட்டாள். உள்ளங்கையில் ஆழமாக இறங்கி உடைந்திருந்தது. வலியில் அவள் போட்ட சத்தத்துக்கு நாலு வீடு கூடியது. பக்கத்து வீட்டுக் காத்தாயி முள்ளைப் பிடுங்கி, பொறுக்கும் சூட்டில் வெந்நீர் வைத்துக் கையை அதில் அமுக்கிப் பிடித்தாள். டாக்டர் ஊசி போட்டு, தினமும் கட்டு மாற்றச் சொல்லி அனுப்பினார்.

கட்டை மாற்றவேண்டியவள் மகள். யுவராணி பஞ்சையும் மருந்தையும் எடுத்துக்கொண்டு நான்கு எட்டு வைத்தாள். அம்மா சுவரில் சாய்ந்து, காய்ச்சலில் கண்ணை மூடியிருந்தாள். கட்டிலிருந்து ரத்தமும் மீனும் கலந்த வாடை. யுவராணி துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டாள், மூச்சைப் பிடித்துக்கொண்டாள், குனிந்தாள். முடியவில்லை. மருந்தைக் கீழே போட்டுவிட்டு வெளியே ஓடி, தோணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

காத்தாயிதான் வந்து கட்டை மாற்றினாள். மாற்றிவிட்டு வெளியே வந்து, யுவராணியை மேலும் கீழும் பார்த்தாள். "நல்லா படிச்சேம்மா" என்று மட்டும் சொன்னாள்.

உள்ளேயிருந்து அம்மாவின் ஈனக்குரல் கேட்டது. "அவள ஒன்னியும் சொல்லாத காத்தாயி. அவ இன்னா பண்ணுவா? மெசினு."

மறுநாள் மதிய இடைவேளையில் மாத்திரை வாங்கிக் கொடுக்க நல்லசிவம் அவளோடு குப்பத்துக்கு வந்தான். கடலை அவ்வளவு பக்கத்தில் பார்த்தறியாத ஆள். சுற்றிலும் வேடிக்கை பார்த்துக்கொண்டே வந்தவன், உப்புத் தொட்டிகளைக் கடக்கும்போது திடீரென்று நின்று, இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்தான்.

"என்ன ஆச்சு?"

"எரியுதுங்க. கையெல்லாம் வெட்டுப்பட்டு, அதுல உப்பு பட்டாப்ல." அவன் முகம் வெளிறியிருந்தது. "குமட்டறது வேற. அது பழகிப்போச்சுங்க. இது அதில்லைங்க. விடியக்காலைல யாரோ எழுப்பி இழுத்துட்டு வந்து இதுக்குள்ள கைய விடச் சொல்றாப்ல இருக்குதுங்க. நான் இந்தத் தொட்டியையே இன்னைக்குத்தான பாக்கறேன்?"

யுவராணி அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். கடலே தெரியாத கோபிச்செட்டிபாளையத்துக்காரனுக்கு உப்புத் தொட்டியில் கை எரிகிறதென்றால், எரிவது அவன் கை இல்லை. பெரிய வீட்டுப் பிள்ளைக்கு இந்த வாடை பிடிக்காமல் போகலாம், ஆனால் கை எரியாது. தொட்டிக்குள் கை விட்டவனுக்குத்தான் எரியும்.

அன்று சாயங்காலமே அவள் அனுமதி கேட்காமல் நித்தினின் அறைக்குள் போனாள். வெள்ளைச் சட்டை, நரைத்த தாடி, ஒடிசலான ஆள். மேஜையில் அரிந்த வெள்ளரிக்காய் இருந்தது. அவர் யாரோடும் உட்கார்ந்து சாப்பிட்டு யாரும் பார்த்ததில்லை. நிமிர்ந்து, ஆங்கிலத்தில் என்ன வேண்டும் என்று கேட்டார்.

"சார், நீங்க எந்தக் குப்பம்?"

அவர் முள்கரண்டியைக் கீழே வைத்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.  பேசியபோது குரலே வேறாக இருந்தது.

"பழவேற்காடு பக்கம். எப்படிக் கண்டுபுடிச்ச?"

அவள் நல்லசிவத்தின் கையைப் பற்றிச் சொன்னாள். நித்தின் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டார்.

"எங்கம்மாவும் உப்புத் தொட்டி வெச்சிருந்தாங்க. ஸ்கூலுக்குப் போறதுக்கு முன்னாடி மீனைப் புரட்டிப் போட்டுட்டுத்தான் போகணும். எவ்வளவு கழுவினாலும் போகாது. பெஞ்சுல பக்கத்துல இருக்கிறவன் நகர்ந்துக்குவான். டீச்சர் ஒருத்தங்க என் நோட்டை ஸ்கேலால தள்ளுவாங்க. திட்டவே மாட்டாங்க. சும்மா ஸ்கேலால தள்ளுவாங்க. காலேஜ் சேர்ந்ததும் பேரை மாத்தினேன், பேச்சை மாத்தினேன். அம்மா செத்ததுக்குப் போனேன். தோள்ல சாஞ்சு அழ வந்த சொந்தக்காரங்களையெல்லாம் தள்ளி நிக்கச் சொன்னேன்."

"அதையா சார் பதிவு பண்ணிக் குடுத்தீங்க?"

"அவங்க எனக்கு மோசமான கோடைக் காட்டினாங்க. பதிவு பண்ற மெஷின்ல முள்ளே அசையல. உண்மையைச் சொன்னா, கோடைப் பார்த்து எனக்கு அருவருப்பெல்லாம் வந்ததில்ல. யோசிச்சுத்தான் தப்பைக் கண்டுபிடிப்பேன், எல்லாரையும் மாதிரி. ஆனா மிருதுளாவும் டைரக்டருங்களும் சுத்தி நின்னுக்கிட்டு இருந்தாங்க. வேற வழி தெரியல. கண்ணை மூடித் தொட்டியை நெனச்சேன். எங்கம்மா சேலையை நெனச்சேன். முள்ளு கடைசிவரைக்கும் போய் முட்டிக்கிச்சு. எல்லாரும் கைதட்டினாங்க."

யுவராணி தன் காதுக்குப் பின்னால் தொட்டுப் பார்த்தாள். இத்தனை பேருடைய காதுக்குப் பின்னால் ஒட்டியிருப்பது ஒரு மகன் தன் தாயை அருவருத்தது. அதை வைத்து வங்கிக் கோடுகளைத் தரம் பிரிக்கிறார்கள். அதற்குக் கண்ணாடி மாளிகை, அதற்குக் கேக்.

"உங்கம்மாவை நீங்க வெறுத்ததுக்கு எங்கம்மா தோணி ஓரத்துல உக்காந்து சோறு துன்றாங்க சார்" என்றாள். மறந்துபோயிருந்த குப்பத்துப் பேச்சு தானாக வந்தது. "கை வீங்கிக் கெடந்தாங்க, ஒரு கட்டு கட்ட முடியல என்னால. எனக்கு இந்த வேலையே வாணாம். இத்த எடுத்துடுங்க. இப்பவே எடுங்க."

"எடுத்துடலாம். எடுத்துட்டு, இந்தப் பதிவை அழிக்கிற எதிர்ப் பதிவைக் கொஞ்ச நாள் ஓடவிட்டா அடங்கிடும்." அவர் எழுந்து அலமாரியைத் திறந்தார். "அந்தக் கை எரிச்சல் இருக்கே, அது போகத்தான் கொஞ்சம் நாளாகும். உனக்கு எப்பலேருந்து எரியுது?"

"எனக்கு எரியல சார். குமட்டல் மட்டும்தான்."

அலமாரிக்குள் இருந்த அவர் கை நின்றது.

"தொட்டிக்குப் பக்கத்துல போனாகூடவா?"

"தொட்டி எங்க வூட்டு வாசல்லயே கீது சார். ஒரு நாள்கூட எரிஞ்சதில்ல."

நித்தின் வில்லையைச் சோதிக்கும் சிறிய கருவி ஒன்றை எடுத்துவந்து அவள் காதருகே பிடித்தார். கருவி பேசாமல் இருந்தது. இன்னொரு முறை பிடித்துப் பார்த்தார். பிறகு நகத்தால் வில்லையை நெம்பி எடுத்து, மேஜைமேல் வைத்துவிட்டு, அவளைப் பார்க்காமல் சொன்னார்.

"ஒவ்வொரு அணியிலயும் சிலருக்கு வெறும் வில்லையை ஒட்டுவோம். உள்ள ஒண்ணுமே இருக்காது. புது மருந்து கண்டுபிடிச்சா கொஞ்சம் பேருக்கு வெறும் மாவு மாத்திரையைக் குடுத்துப் பார்ப்பாங்களே, அந்த மாதிரி. யாருக்கு எதுன்னு எங்களுக்கும் கடைசியிலதான் தெரியும்."

"அப்போ நான் அன்னிக்கு வாந்தி எடுத்தது?"

"சுத்தி எல்லாரும் குமட்டிக்கிட்டு இருந்தா நமக்கும் குமட்டும்."

"தப்பைக் கண்டுபுடிச்சது?"

"அது நீதான். நீ நிஜமாவே கத்துக்கிட்ட. வெறும் வில்லை ஒட்டினவங்களும் மத்தவங்க அளவுக்குத் தேறத்தான் செய்றாங்க. அதை யார்கிட்டயும் சொல்றதில்ல. சொன்னா வில்லையை யார் வாங்குவாங்க?"

மேஜைமேல் கிடந்த வில்லையை அவள் விரலால் தொட்டாள். பிளாஸ்டிக். அவ்வளவுதான்.

"எங்கம்மாவப் பாத்துக் குமட்டுச்சே சார்?"

அவர் போய்த் திறந்திருந்த அலமாரியைச் சாத்தினார். "எடுக்கிறதுக்கு ஒண்ணுமில்லம்மா" என்றார். "எனக்கும் யாரும் எதையும் ஒட்டல."

அவள் படியிறங்கி வந்தாள். பதினொரு மாடியும் லிப்ட்டில் ஏறாமல் நடந்தே வந்தாள். கால்வாய்ப் பாலத்தைத் தாண்டும்போது மிருதுளாவைத் திட்டிப் பார்த்தாள், நித்தினைத் திட்டிப் பார்த்தாள், ஜன்னலைத் திறந்தவனைத் திட்டிப் பார்த்தாள். எல்லாரும் திட்டத் தக்கவர்கள்தான். ஆனாலும் திட்டு எங்கேயும் போய் ஒட்டவில்லை. ஒருவன் எழுந்து ஜன்னலைத் திறந்ததற்கு, ஒரு மின்னஞ்சலில் பூப் படம் போட்டதற்கு, அவள் தன்னைப் பெற்றவளையே கழற்றி வைத்திருக்கிறாள். வில்லை செய்ததெல்லாம் ஒன்றுதான். செய்துகொள் என்று சம்மதம் கொடுத்தது. மெஷின்மேல் பழியைப் போட்டுக்கொண்டு மூன்று மாதமாக அவள் மனமாரக் குமட்டியிருக்கிறாள். யுவராணிக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. அதற்கு ஏனோ வயிறு குமட்டவில்லை.

வீட்டு வாசலில் தேசம்மா உட்கார்ந்திருந்தாள். கையில் கட்டு. காய்ச்சல் விட்டு முகம் கொஞ்சம் தேறியிருந்தது. மகள் வருவதைப் பார்த்ததும் வழக்கம்போல் எழுந்து ஒதுங்கப் போனவள், அவள் காதைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். வில்லை இருந்த இடத்தில் வட்டமாக வெளுத்திருந்தது.

"எடுத்துட்டாங்களா?"

அந்தக் கேள்வியில் இருந்த ஆசையை யுவராணியால் பார்க்க முடியவில்லை. உண்மையைச் சொல்லலாம். அம்மா, அதில் ஒன்றுமே இல்லையாம், அது மெஷின் இல்லையாம் என்று சொல்லலாம். சொன்னால் யுவராணிக்குப் பாரம் குறையும். அந்தப் பாரம் நேராக அம்மாவின் தலையில் போய் உட்காரும்.

"எடுத்துட்டாங்கம்மா."

"வேல?"

"வேல போவல. நான் நல்லா செய்றேன்னு சொன்னாங்க."

"இனிமே அந்தக் கொமட்டலு?"

"இனிமே இல்லம்மா. பூடுச்சு."

தேசம்மா ஒரு நிமிடம் நம்பாமல் பார்த்தாள். பிறகு அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் எழுந்து குரைத்தது. "ஏ காத்தாயி! மெசின எடுத்துட்டாங்கடி! நான்தான் சொன்னேனே, எம்பொண்ணு அப்படியாப்பட்டவ இல்லன்னு! நீதான் அன்னிக்கி மூஞ்சிய தூக்கிகினு போன!"

குளிக்காமல், கை கழுவாமல், அப்படியே வந்து மகளைக் கட்டிக்கொண்டாள். மூன்று மாதத்து முத்தத்தை மொத்தமாகக் கொடுத்தாள். சேலையின் உப்பு, செதில், வியர்வை, கட்டின் மருந்து எல்லாம் சேர்ந்து யுவராணியின் முகத்தை மூடின. அவளுக்கு வயிறு புரண்டு தொண்டைவரை வந்தது. பல்லைக் கடித்து விழுங்கினாள். அம்மாவின் முதுகை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். உடம்பு நடுங்கியது.

"ஏன்டி நடுங்குற? அழுவுறியா?"

"ஆமாம்மா."

"பைத்தியம். எல்லாம் பூடுச்சுல்ல. உக்காரு. இன்னிக்கி ஒண்ணா துன்னலாம்."

ஒரே தட்டில் சோறு வந்தது. மேலே கருவாட்டுக் குழம்பு. வலது கையில் கட்டு இருந்ததால் தேசம்மா இடது கையால் தடுமாறித் தடுமாறிப் பிசைந்தாள். முதல் கவளத்தை உருட்டி மகளின் வாய்க்கு நேராக நீட்டி, சிரித்தபடி காத்திருந்தாள்.

யுவராணி வாயைத் திறந்தாள்.